அறுபதாம் வயதுச் சிவப்பு

ஸ்டான் தோமினாகா கெட்டிக்காரன். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் கார்டீனாவில் அவனுடைய டிங்கரிங் பட்டறைக்குப் போய் வந்த காரில் பட்டி பூசிய இடம் எது, தகடு ஒட்டிய இடம் எது என்று விரலால் தடவிக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. வாழ்க்கையில் அவன் செய்த கோணல் வேலை ஒன்றே ஒன்றுதான். அதையும் ஒரு கோணல் இல்லாமல் செய்து தொலைத்தான்.

அவன் அப்பா மினோரு தோட்டக்காரர். லாஸ் ஏஞ்சலஸ் பணக்காரர்களின் புல்தரைகளை வெட்டியே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். இரண்டாம் உலகப் போரின்போது, அவருடைய இருபதாவது வயதில், ஜப்பான் வம்சம் என்ற ஒரே குற்றத்துக்காக அமெரிக்க அரசாங்கம் அவரைக் குடும்பத்தோடு முள்வேலி முகாமில் அடைத்தது. வெளியே வந்த பிறகு யார் கண்ணையும் உறுத்தாமல் வாழ்வது என்று முடிவெடுத்தார். 1970-இல் வெள்ளை நிற ஃபோர்டு மாவ்ரிக் ஒன்றைப் புதிதாக வாங்கினார். வார நாளெல்லாம் லாரி. ஞாயிறு காலை புத்தர் கோயிலுக்குப் போக மட்டும் மாவ்ரிக். தெருவில் ஒவ்வொருவராக ஜப்பான் காருக்கு மாறியபோதும் அவர் அசையவில்லை.

"ஜப்பான் வண்டி நல்லா ஓடுதாம்ப்பா," என்றான் ஸ்டான் ஒருமுறை.

"ஓடட்டும். நம்ம மூஞ்சிய ஒரு தடவ பாக்குறானுங்க. அது போதாதா? வண்டியையும் சேத்து ரெண்டாவது தடவ எதுக்குப் பாக்கணும்?"

ஸ்டான் சிரித்தான். அவன் தலைக்குள் அப்போது வேறு பேய் குடியிருந்தது. ஜப்பான் புத்தகக் கடையில் கார்ப் பத்திரிகைகள் வரும். ஜப்பானில் பையன்கள் காரைத் தரை உரசத் தாழ்த்தி, மட்கார்டு விளிம்பை அறுத்தெடுத்து, அதன்மேல் அகலமான வளைவுகளை ரிவெட் அடித்து, முன்னால் தாடை போல ஒரு தகடு மாட்டி ஓட்டுவார்கள். அதையே அமெரிக்கக் காருக்குச் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்தே இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

1982-இல் அப்பாவுக்கு அறுபது நிறைந்தது. அறுபது நிறைந்தவர் மறுபடி பிறந்த குழந்தை. சிவப்பு அங்கியும் சிவப்புத் தொப்பியும் மாட்டி உட்காரவைத்து விருந்து போடுவது ஜப்பான் வம்சத்தாராகிய எங்கள் வழக்கம். அப்பாவுக்கு மட்டும் எதற்கு, அவர் காருக்கும் மறுபிறப்பு கொடுப்போமே என்று தோன்றியது ஸ்டானுக்கு. பெற்றோர் இரண்டு வாரம் ஹவாய் போயிருந்தார்கள். சாவி அவன் கையில் இருந்தது. நான்கு மட்கார்டுகளிலிருந்தும் பிறை பிறையாக வெள்ளைத் தகடு அறுந்து விழுந்தது. கூட்டிப் பழைய இரும்புப் பீப்பாயில் போட்டான். வளைவுகளை ரிவெட் அடித்து, தரை உரசத் தாழ்த்தி, காரைச் செக்கச் சிவக்கப் பெயின்ட் அடித்தான்.

விருந்தன்று உணவகத்து வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"என்ன மின், அறுபது வயசுல பொண்ணு பாக்கக் கிளம்பிட்டியா?" என்றார் அப்பாவின் கூட்டாளி ஷிக் உரியு.

சிவப்பு அங்கியோடு அப்பா காரை ஒரு சுற்றுச் சுற்றினார். ரிவெட் தலைகளைக் கட்டைவிரலால் தடவினார். "வேல சுத்தமா இருக்கு," என்றார். ஸ்டானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அவர் கோயிலுக்குப் புல்வெட்டும் லாரியில் வந்தார். "குனிஞ்சு ஏற முடியலடா. முதுகு வலி." ஸ்டான் ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு அங்குலம் உயர்த்தினான். அதற்கடுத்த ஞாயிறும் லாரிதான். கடைசியில் அம்மா ஃபுமி, அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"விருந்து முடிஞ்சு வர்றப்ப சிக்னல்ல நின்னோம். பக்கத்து வண்டிப் பையன் எட்டிப் பாத்துக் கை தட்டுனான். நல்ல மனசோடதான் தட்டுனான். உங்கப்பா ஸ்டீயரிங்கப் புடிச்சபடி தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. பச்ச விழுந்தும் எடுக்க முடியல. முகாமுக்கு பஸ் ஏத்துன அன்னைக்கு ரோட்டோரம் ஊரே நின்னு பாத்துச்சுடா. அன்னையிலேர்ந்து யாராச்சும் உத்துப் பாத்தாலே அவருக்கு ஆகாது."

"எங்கிட்ட யாருமே சொல்லலியேம்மா."

"அவரு எங்கிட்டயே ஒரு தடவதான் சொன்னாரு."

பெயின்டை மாற்ற ஒரு வாரம் போதும். அறுத்த தகட்டுக்கு எங்கே போவது? அலைந்து திரிந்து, பேக்கர்ஸ்ஃபீல்டு காயலான் கடையில் ஒரு மாவ்ரிக்கின் முழு மட்கார்டுகளைப் பிடித்தான். கொண்டுவந்து பட்டறைச் சுவரில் மாட்டினான். அங்கேதான் பிசகியது. அதற்குள் சிவப்பு மாவ்ரிக்கின் படம் ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. எனக்கும் அதே மாதிரி வேண்டும் என்று மஸ்டாங் காரும் நோவா காருமாகப் பையன்கள் வரிசை கட்டினார்கள். அவன் அறுத்தான், ரிவெட் அடித்தான், பேர் வாங்கினான். அப்பாவின் கார் பட்டறைப் பின்கட்டில் துணி போர்த்திக் கிடந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே பன்னிரண்டு வருஷம் ஓடியது. தச்சன் வீட்டுக் கதவு எந்த ஊரில் மூடியிருக்கிறது?

பன்னிரண்டாம் வருஷக் கடைசியில் ஒருநாள் அப்பா ஒரு பை நிறைய சீமைப்பனிச்சம் பழத்தோடு பட்டறைக்கு வந்தார். சுவரைப் பார்த்தார்.

"இது எந்த வண்டிக்கு?"

"உங்களதுக்குத்தாம்ப்பா."

பழப் பையை மேஜைமேல் வைத்தார். "அவசரமில்ல. வந்தவன் வேலைய முடி. வாடிக்கைக்காரனக் காக்கவைக்காத."

எங்கள் பெரியவர்கள் வேண்டும் என்பதை வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். மூன்று முறை வற்புறுத்தினால்தான் கை நீட்டுவார்கள். இது கார்டீனாவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். விருந்தாளியின் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு வைக்க அப்படித்தான் மல்லுக்கட்டுவோம். ஸ்டானுக்கு மட்டும் அன்று அது மறந்துபோனது. "சரிப்பா," என்று ஒரே வார்த்தையில் தலையாட்டிவிட்டான். பாவி, ஒரே ஒரு முறை வற்புறுத்தியிருக்கலாம்.

அடுத்து வந்த பிப்ரவரியில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். ஸ்டான் பட்டறைக் கதவைச் சாத்தினான். வாடிக்கைக்காரர்களைத் திட்டாத குறையாக விரட்டினான். வளைவுகளைக் கழற்றி, பின் தகடுகளைப் பற்றவைத்து, முன்னவற்றை முடுக்கி, பட்டி தேய்த்து, வெள்ளை அடித்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவனுக்கே தெரியும். இருந்தும் நாற்பத்தொன்பதாம் நாள் வழிபாட்டுக்குள் முடித்துவிட்டான்.

அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோயிலுக்குக் கிளம்பினான். அதே சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்து வண்டிக்காரன் இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு விளக்கைப் பார்த்தபடி விரலால் தாளம் போட்டான். மறுபடி அவன் திரும்பவேயில்லை.

ஸ்டானின் கை ஸ்டீயரிங்கிலேயே கிடந்தது.

"பச்ச விழுந்திடுச்சுடா," என்றாள் அம்மா. "எடு."