சம்பந்தி வீட்டு வாசலில் ஒரு சக்கர வீடு

எனக்கு வயது எழுபத்திரண்டு. நான் பெற்றது ஐந்து. தாய் இல்லாமல் போன என் நாத்தனார் மகனையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேருக்கும் கல்யாணம் முடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. ஆனாலும் போய் வந்த இடத்தை நானே எழுதத்தான் எனக்குப் பிடிக்கும். பிறரிடம் சொல்லி எழுத வைத்தால் அவர்கள் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துவிடுகிறார்கள்.

2012, மாசி மாதம், புதன்கிழமை. காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்திலிருந்து வளவனூருக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். மற்றவர்கள் விழுப்புரத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போவார்கள். நாங்கள் வீட்டையே இழுத்துக்கொண்டு போனோம்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் இரண்டாவது மகன் ஏழுமலை வளைகுடா நாட்டில் வெல்டராக இருந்தவன். அங்கே வேலையாட்கள் சக்கரம் வைத்த வீடுகளில் தங்குவார்களாம். ஊருக்கு வந்து அதே மாதிரி ஒன்றைத் தகரத்திலும் பலகையிலும் கட்டினான். உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மின்விசிறி. பக்கத்துக்கு இரண்டு சக்கரம், ஒன்றன் பின் ஒன்றாக. ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்கலாம். கோயில் குளம் போகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று அவன் கணக்கு. இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.

என் கடைசி மகள் தனத்தை வளவனூரில் கொடுத்திருக்கிறோம். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். பத்து நாள் பக்கத்தில் ஆள் வேண்டும். அவள் மாமியார் பச்சையம்மாளுக்கு முட்டி வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். நான்தான் போயாக வேண்டும். ஆனால் பெண் கொடுத்த வீட்டில் எங்கள் குடும்பத்தில் யாரும் இராத் தங்குவதில்லை. சாப்பிடுவோம், பேசுவோம், பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுவோம். என் அம்மாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். தனத்துக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் ஒரு ராத்திரி அங்கே படுத்ததில்லை.

"அதுக்கு இன்னாமா, உன் வூட்டையே இட்டுக்கினு போலாம். அவங்க வாசல்ல நிறுத்தி அதுலயே படுத்துக்கோ" என்றான் ஏழுமலை. எனக்கும் அது சரியாகப் பட்டது.

கூட்டேரிப்பட்டில் டீ குடித்தோம், ஐந்து ரூபாய். நான்கு வழிச் சாலை வழவழவென்று இருந்தது. இரண்டு பக்கமும் கரும்பு, இடையிடையே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பணம் வாங்குகிற பையன் எட்டிப் பார்த்தான்.

"இது இன்னா வண்டிங்க?"

"வூடு" என்றேன் நான்.

"வூட்டுக்கு ரேட்டு இல்லியே ஆயா!"

"அப்போ விட்டுடு."

பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்து, "ஜல்தி பண்ணுங்கப்பா, வூட்டுக்குப் பட்டா கேக்கறியா இன்னா?" என்று கத்தினார். ஜீப்புக்கு மட்டும் வாங்கிக்கொண்டு விட்டான்.

விழுப்புரத்தில் நெரிசல். கோலியனூர் தாண்டியதும் நெல் வயல்கள். ஊர்ந்து ஊர்ந்து பத்தரை மணிக்கு வளவனூர். தெருவே வாசலில் நின்றது. என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. பச்சையம்மாள் வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"எங்க வூட்டுல எடம் இல்லன்னு சொன்னோமா சம்பந்தி?"

"எடம் கெடக்குது சம்பந்தி. எங்க வழக்கம் அப்பிடி."

"வழக்கத்துக்கு நாலு சக்கரம் மாட்டிக்கினு வந்திருக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு மோர் கொண்டு வந்தாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது. நான் புரண்டால் வீடு ஆடுகிறது. ஏழுமலை படியில் கால் வைத்தால் படகு மாதிரி ஒரு பக்கம் போய்த் திரும்புகிறது. எனக்குக் காதுக்குள் ஏதோ கோளாறு. படுத்திருக்கும்போது கீழே அசைந்தால் உலகமே சுற்றும். உட்கார்ந்து போகும்போது ஒன்றுமில்லை. மோர் முழுவதும் வெளியே வந்துவிட்டது.

பச்சையம்மாள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். "ஊஞ்சல் சொகமா இருக்குதா சம்பந்தி?"

இதில் எனக்கு இரண்டே வழிதான். அவள் வீட்டுக்குள் போய்ப் படுக்க வேண்டும், இல்லை மகளை அப்படியே விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இரண்டுக்கும் மனசு ஒப்பவில்லை.

ஏழுமலை முதலில் லாரிக்காரர்கள் செய்வதைச் செய்தான். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கருங்கல் முட்டுக் கொடுத்தான். வண்டி உருளவில்லை, ஆட்டம் மட்டும் போகவில்லை. அடுத்து நான்கு மூலையிலும் செங்கல் அடுக்கிப் பலகை சொருகினான். மேலும் கீழும் குதிப்பது நின்றது, முன்னும் பின்னும் இழுப்பது நிற்கவில்லை. முட்டுக் கல்லுக்கும் டயருக்கும் நடுவே விரலளவு இடம் இருந்தால் போதும், அந்த விரலளவுக்குள் வீடு போய்ப் போய் வருகிறது. அன்று ராத்திரி தலையணையைச் சுவரில் சாத்தி உட்கார்ந்தே தூங்கினேன். இல்லை, தூங்கினேன் என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

வியாழக்கிழமை அவன் விழுப்புரத்துக்குப் போய்ப் பழைய இரும்புக் கடையில் திருகு ஜாக்கி இரண்டு வாங்கி வந்தான். ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் டயரின் வளைவுக்கு ஏற்ற மாதிரித் தகடு வைத்துப் பற்றவைத்தான். ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது அல்லவா, அதில் இதைச் சொருகி ஸ்பானரால் திருகினான். திருகத் திருகத் தகடு முன் டயரை முன்னுக்கும் பின் டயரைப் பின்னுக்கும் நெட்டித் தள்ளியது. இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டன. அந்தப் பக்கமும் அதேபோல. வெயில் ஏறினால் டயர் உப்பும், அப்போது அரைத் திருகு தளர்த்தி, சாயங்காலம் மறுபடி இறுக்க வேண்டும். அதை மட்டும் நான் கற்றுக்கொண்டேன்.

சுத்தமாக ஆட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆள் ஏறினால் ஒரு சின்ன அசைவு உண்டு. தலை சுற்றுகிற அளவுக்கு இல்லை. படுத்துத் தூங்கினேன். காலையில் எழுந்து மகளுக்கு வெந்நீர் வைத்தேன், தலை வாரினேன், கேப்பைக் கஞ்சி காய்ச்சினேன். ஆறாம் நாள் மத்தியானம் கண்ணை மூடிக் கிடந்தபோது வீடு மிக மெதுவாக ஒரு பக்கம் அசைந்தது. இவ்வளவு லேசான ஆள் யார் என்று பார்த்தால் தனம். யார் துணையும் இல்லாமல் இரண்டு படி ஏறி வந்திருந்தாள்.

"உங்க அரண்மனைய நானும் பாக்க வேணாமா?" என்று எதிர்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள். அவள் தேறிவிட்டாள் என்று அப்போதுதான் நம்பினேன்.

பத்து நாள் முடிந்து சனிக்கிழமை காலை கிளம்பினோம். பச்சையம்மாளே எலுமிச்சம்பழம் எடுத்து வந்தாள். ஜீப்புக்கு நாலு, வீட்டுக்கு நாலு. முட்டி வலியோடு குனிந்து எல்லாச் சக்கரத்துக்கும் முன்னால் தானே வைத்தாள். ஏழுமலை செங்கல்லை எடுத்தான், கல்லை எடுத்தான், சுற்றி வந்து பழம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். கற்பூரம் கொளுத்தினார்கள். எல்லோர் கண்ணும் பழத்தின்மேல்தான். டயருக்கு நடுவில் இருந்த திருகை ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

ஜீப் நகர்ந்தது. அதன் பழம் நாலும் நசுங்கின. வீட்டுச் சக்கரம் சுற்றவில்லை; அப்படியே தேய்த்துக்கொண்டு வந்தது. பழத்தை நசுக்காமல் முன்னால் தள்ளிக்கொண்டே போனது.

"ஏழுமல, நிறுத்துப்பா! பழம் நசுங்கல!" என்று பச்சையம்மாள் கத்தினாள்.

அவன் சகுனத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் அழுத்தினான். ரப்பர் கருகிய நாற்றம் வந்தது. ஒரு திருகு தெறித்து டயரின் விலாவைக் கிழித்தது. தெருவே ஓடி வந்தது.

"நடுவுல ஏதோ இரும்பு இருந்துச்சு, அதுவும் வண்டியோட சேர்ந்ததுன்னு நெனச்சேன்" என்றாள் பச்சையம்மாள். தனம் தையல் போட்ட வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று எல்லோரையும் திட்டினாள்.

இரண்டு டயர் வீணாகிவிட்டது. அந்த அளவு விழுப்புரத்தில் இல்லை, சென்னையிலிருந்து மறுநாள்தான் வரும் என்றார்கள். ஒரு பக்கச் சக்கரத்தைக் கழற்றி வீட்டை ஜாக்கியில் சாய்த்து நிறுத்தினான் ஏழுமலை. அதில் யாரும் படுக்க முடியாது. பஸ்ஸுக்குப் போகலாம் என்று பையை எடுத்தேன்.

பச்சையம்மாள் பையைக் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தாள். கூடத்தில் பாய் விரித்தாள். கேலியாக ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். "கெழக்கால தலை வெச்சுக்குங்க, அந்தப் பக்கம் காத்து வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் தன் பாயையும் போட்டாள்.

அங்கே படுத்தேன். விடியும்வரை ஒரே தூக்கம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. டயர் இன்னும் வரவில்லை. சீக்கிரம் வரட்டும் என்று நான் யாரையும் அவசரப்படுத்தவில்லை. தனத்தின் மகள் கீர்த்தனாவின் பேனாவால் இதை எழுதி முடித்தேன். அம்மா கீர்த்தனா, இங்கே வா. நான் எழுதினதை முதலிலிருந்து படித்துக் காட்டு. கொஞ்சம் சத்தமாகவே படி. அடுப்பங்கரையில் இருக்கிற உன் இன்னொரு ஆயாவுக்கும் கேட்கட்டும்.