ஜலசந்தி வாசலில் ஒரு கப்பல்

கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஆபீசில் வேலை என்றால், பாண்டிச்சேரியை விட்டு நகராமலேயே ஊர் உலகக் கடலுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். யாரோ எடுத்த முடிவுக்கு நீங்களும் எங்கோ உட்கார்ந்து பதில் சொல்பவராக இருந்தால், என் பாடு புரியும்.

டோல்கேட்

எங்கள் ஊர் சாரம் பகுதியைச் சேர்ந்த பக்கிரி, மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போனவர். மனைவி இல்லை. மகன் சிவா எங்கள் மூலமாக எண்ணெய்க் கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தான். ஜலசந்தியைத் தாண்டியதும் வரும் துறைமுகத்தில் இறங்கி, அப்பாவின் இதய ஆபரேஷனுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. திடீரென்று கரையிலிருந்த நாடு கடந்து போகக் காசு கேட்டது. கப்பல் கம்பெனி மறுத்தது. கப்பல் வெளியிலேயே நங்கூரம் போட்டுவிட்டது.

கால்வாய் என்றால் வெட்டிய நாடு வாங்கலாம், ஜலசந்தி இயற்கையான வழி, சும்மா கடப்பதற்கு வசூலிக்கக் கூடாது என்பதுதான் கடல் சட்டம் என்று பக்கிரியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சட்டம் நம்ம பக்கம்னா, எம் புள்ள ஏன் சார் அங்கயே நிக்கிறான்?"

கொள்கை

கம்பெனிக்குப் போன் போட்டு, ஆளை மட்டுமாவது படகில் இறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். கரையில் அனுமதி இல்லையாம். கேட்டதைக் கட்டிவிடலாமே என்றேன். மேனேஜர் கோபப்படவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை, அதுதான் கொடுமை: "இன்னிக்கு இங்க கட்டினா, நாளைக்கு எல்லா ஜலசந்தியிலயும் கேப்பாங்க."

சிக்னல்

மகன் வரட்டும் என்று பக்கிரி ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். ஒரு காலை பஸ் ஸ்டாப்பில் சரிந்தவர், ஆஸ்பத்திரி சேர்வதற்குள் போய்விட்டார். வீட்டில் கிடத்தியிருந்த அப்பாவின் முகத்துக்கு நேரே மகள் வள்ளி போனைப் பிடித்திருந்தாள். சிவா தெரிந்தான், மறைந்தான், பிறகு வரவே இல்லை. வள்ளி என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்: "எடுக்கறதுக்குள்ள லைன் கெடைச்சுடுமாண்ணே?"

வேறு பெயர்

கொஞ்ச நாளில் கப்பல் உள்ளே போனது. கம்பெனி கட்டிவிட்டது. டோல் என்றல்ல, வழிகாட்டும் சேவைக்குக் கட்டணம் என்று. செய்த சேவைக்கு வாங்கச் சட்டத்தில் இடமுண்டு. கொள்கை பிழைத்துக்கொண்டது.

மொட்டைத் தலையோடு சிவா ஆபீசுக்கு வந்தான். சண்டை போடுவான் என்று நினைத்தேன், போட்டிருந்தால் தேவலை. தரையையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "வேற கப்பல் இருந்தா சொல்லுங்க சார். அந்த வழியா இருந்தாலும் சரி, இனிமே எனக்கு அவசரமில்ல."

அந்த வழி எல்லா நாட்டுக்கும் பொதுவாம், அதில் நிற்கிற ஆளுக்குத்தான் எந்த நாடும் பொறுப்பில்லை.