இழைப்பு

எங்கள் காரைக்குடிப் பக்கத்து டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் ‘இழைப்பு’ என்றால் எல்லோருக்கும் தெரியும். முட்டியை மடக்கி, மட்டையைத் தரையோடு தரையாக முன்னால் தள்ளுவது. பந்து எழும்பாது, புழுதியிலேயே ஓடி பவுண்டரிக்குப் போய்விடும். யார் கண்டுபிடித்தது என்று கேட்டால், கொத்தமங்கலத்துப் பெரிய வீட்டுப் பையனாக இருந்தவனைக் கை காட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

அந்த அடி என்னுடையது. அப்பாவின் தச்சுப் பட்டறையில் லீவு முழுக்க இழைப்புளி பிடித்து மரம் சீவியவன் நான். இரண்டு கையும் சேர்ந்து முன்னால் போகிற பழக்கம் மட்டையைப் பிடித்தபோதும் விடவில்லை. “அங்குட்டுப் பாருங்கடா, பந்தை இழைக்கிறான். மரச்சுருள் விழுகுதான்னு பாரு” என்று பொட்டலில் சிரித்தார்கள். சொல் பிறந்தது அப்படித்தான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி எவனாவது அதைச் சொன்னால் ஸ்டம்பைப் பிடுங்கி அடிப்பேன் என்றேன். அதோடு விட்டேனா? அந்த அடியையே அடிப்பதில்லை என்று சபதம் போட்டு, தூக்கித் தூக்கி அடித்து கேட்ச் கொடுத்தேன்.

அந்தப் பெரிய வீட்டுப் பையன் லீவுக்குச் சென்னையிலிருந்து வருகிறவன். “நீ அடிக்கலேன்னா எனக்குச் சொல்லிக் கொடேன்” என்றான். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, எழுந்து, சொல்லிக் கொடுத்தேன். அவன் அடித்தபோது ஒருத்தனும் சிரிக்கவில்லை. “இழைப்புடா!” என்று விசிலடித்தார்கள். தச்சன் மகன் செய்தால் கேலி, அவன் செய்தால் ஸ்டைல்.

போன பொங்கலுக்குச் சாக்கோட்டையில் டோர்னமென்ட். அவன் சிறப்பு விருந்தினர். நான் வேலியோரம் நின்று பார்க்கிற கூட்டத்தில் ஒருத்தன். “இழைப்பைக் கண்டுபிடிச்ச அண்ணன் வந்திருக்காக, ரெண்டு வார்த்தை பேசுவாக” என்று கமென்ட்ரி சொன்னவர் மைக்கை அவனிடம் கொடுத்தார்.

“அது என் அடி இல்லை. அந்தா வேலிகிட்ட நிக்கிறானே, அவன் சொல்லிக் கொடுத்தது. பேரும் அவனால வந்ததுதான்” என்றான்.

இதைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன். மைதானமே கைதட்டியது. பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரர் கண் கலங்கிப் போய் என் தோளைத் தட்டினார்.

“எம்புட்டுப் பெரிய மனசு பாருங்க அவுகளுக்கு” என்றார்.

நானும் கைதட்ட வேண்டியதாயிற்று.