துடுப்பால் திறந்த முகத்துவாரம்

பொன்னேரியில் டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பட்டா மனு, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அடிப்பேன். எங்கள் ஊர் வரலாறும் அப்படித்தான் என் கைக்கு வந்தது.

அதை எழுதிக் கொண்டுவந்தவர் பழவேற்காடு ஏரிக்கரையில், எங்கள் ஊரிலேயே பிறந்தவர். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, சென்னையில் இருக்கிறார். ஏரியில் கால் நனைத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். கையெழுத்துப் பிரதியில் அவருடைய தாத்தா தோணியில் உப்பு ஏற்றிப் போனார். முதல் புரூஃபில் கப்பல் தலைவரானார். இரண்டாவது புரூஃபில் ஜாவாவுக்கே போய்விட்டார். இன்னொரு புரூஃப் எடுத்திருந்தால் ஜாவாவை ஆண்டிருப்பார்.

சிரித்துக்கொண்டே அடித்தேன். ஏழாவது அத்தியாயத்தில் சிரிப்பு நின்றுபோனது. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் ஒரு வருஷம் மண் மூடிக் கிடந்தது. கடல்தண்ணீர் உள்ளே வராததால் இறால் இல்லை, ஊரே பட்டினி. அப்போது தாத்தா மணல்மேட்டில் ஏறி நின்று துடுப்பால் மூன்று முறை அடித்தாராம். கடல் வழி விட்டதாம்.

நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது அது. ஆனால் ஊரே சேர்ந்து மண்ணை அள்ளி வழி திறந்ததை அம்மா சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன். அம்மா கையால் இறால் பிடிப்பவள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவி, அகப்பட்டதைப் பல்லில் கடித்திருக்கும் பறியில், அந்தச் சின்ன ஓலைக்கூடையில், போடுவாள். வலையும் கிடையாது, படகும் கிடையாது.

புத்தகம் எழுதியவரிடம் சொன்னேன். "சார், அந்த மண்ணை வாரிக் கொட்டினதுல எங்கம்மாவும் ஒருத்தங்க. அவங்கள ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

"கேக்கலாம்மா. ஆனா இது கடலோடிகளோட வரலாறு. கையால இறால் தடவுறதெல்லாம் அதுல வராது" என்றார். எழுத்துப்பிழையைத் திருத்துகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

சமுதாயக் கூடத்தில் வெளியீட்டு விழா. அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். சிறப்பு விருந்தினர் அந்த ஏழாவது அத்தியாயத்தையே குரல் தழுதழுக்க வாசித்தார். முடிப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"சாரு, அந்த மண்ண நாங்க வாரினோம். மூணு நாளு. ஆம்பளைங்க வெட்ட வெட்ட, பொம்பளைங்க அன்னக்கூடையில சுமந்து கொட்னோம். இவரோட தாத்தா அப்போ படுத்த படுக்கை. வெளிக்குப் போறதுக்கே ரெண்டு பேரு புடிக்கணும். அவரு எங்க துடுப்பத் தூக்கினாரு?"

கூடம் சிரித்தது. புத்தகம் எழுதியவரைப் பார்த்து அல்ல, அம்மாவைப் பார்த்து. "அம்மா நல்லா தமாஷ் பண்றாங்க, ஒரு கைதட்டு குடுங்க" என்றார் விருந்தினர். மிச்சமிருந்த சால்வை ஒன்றைப் போர்த்திப் போட்டோவும் எடுத்தார்கள். படித்தவர்களின் கூட்டத்தில் ஒருத்தியின் வாயை அடைக்க ஒரு சால்வை போதும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள். "இன்னாத்துக்குடி சிரிச்சானுங்க?"

அவள் தோளிலிருந்த சால்வையை எடுத்து மடித்துப் பைக்குள் திணித்தேன்.

இரண்டாம் பதிப்புக்குப் புத்தகக்காரர் மறுபடி கடைக்கு வந்தார். பெரிய மனசு பண்ணி ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இப்பணியில் பெண்களும் உதவியதாக நம்பப்படுகிறது.'

"நம்பப்படுதா? எங்கம்மா உயிரோடதான சார் இருக்காங்க?"

"வரலாறுன்னா ஆதாரம் வேணும்மா."

"உங்க தாத்தா துடுப்புக்கு இன்னா சார் ஆதாரம்?"

பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். அங்கே அச்சான பதிப்பில் அந்த ஒரு வரியும் காணாமல் போயிருந்தது.

அம்மாவையும், அன்று மண் சுமந்தவர்களில் உயிரோடு இருக்கும் இன்னும் நாலு பேரையும் உட்காரவைத்துக் கேட்டேன். அவர்கள் சொன்னதை ஒரே பக்கத்தில் அடித்தேன். ஊர் நூலகத்தில் இருக்கும் புத்தகத்தில், ஏழாவது அத்தியாயத்தின் மேலேயே அதை ஒட்டினேன். ஒரு மாதத்தில் யாரோ கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டியிருக்கிறேன். கிழிக்கட்டும். எங்கள் கடையில் பேப்பருக்கும் பசைக்கும் பஞ்சமில்லை.