பழம் வைக்காத தட்டு

தேனீ இரைந்தால் பயமில்லை. இரைச்சல் நின்றால்தான் பயம். நெல்லித்தோப்பில் இதை முதலில் சொன்னவர் சொல்தா. அவர் தோட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு பெட்டிகளும் ஒரே நேரத்தில் இரைச்சலை நிறுத்தின. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் ஒரு வாழைப்பழத்தை நிம்மதியாகப் பார்த்ததில்லை.

பட்டாளத்திலிருந்து வந்தவரை, பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். தனிஸ்லாஸ் என்கிற அவர் பேர் ஞானஸ்நானப் புத்தகத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. பெரிய யுத்தத்தில் பிரெஞ்சுக்காரனுக்காகச் சண்டைக்குப் போய், குண்டடிபட்ட இடது காலை இழுத்துக்கொண்டு திரும்பினார். காயம் ஆறும்வரை பிரான்சில் ஒரு விதவைக் குடியானவள் வீட்டில் போட்டுவைத்திருந்தார்களாம். அவள் வளர்த்த தேனீ ஒவ்வொன்றும் சிட்டுக்குருவி பருமனாம்; கோயில் மணி அடித்தால் வரிசைகட்டிக் கூட்டுக்குத் திரும்புமாம். சிட்டுக்குருவி என் சரக்கு. அவர் வெட்டுக்கிளி பருமன் என்றுதான் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் ஒரு புங்கமரப் பொந்தில் இருந்த கூட்டைக் கலைத்தார். தேங்காய் நாரைக் கொளுத்திப் புகை காட்டி, ராணியைத் தேடிப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து, ஒயின் புட்டிகள் வந்த பலகைப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்தார். ராணி போன இடத்துக்குக் கூட்டமும் போயிற்று. ஒரு பெட்டி மூன்று வருஷத்தில் ஏழு பெட்டியானது. மூடியைத் திறக்கும் முன் தொப்பியைக் கழற்றி, "பொன்ழூர் மதாம்" என்று ராணிக்கு வணக்கம் சொல்வார்.

"நம்மூரு ஈக்குப் பிரெஞ்சு எங்கேர்ந்துய்யா புரியும்?" என்றார் மளிகைக்கடை ஆதிமூலம்.

"புரியாமலா? தெனம் எல்ல தாண்டி இங்கிலீஷ்காரன் முந்திரித்தோப்புல பூந்து தேன எடுத்துகினு வருது. சுங்கச் சாவடில ஒரு சல்லி கட்டுதா? பிரெஞ்சுப் பிரஜைன்னு தெரிஞ்சிதானே அவன் வாய மூடிகினு உடறான்!"

பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்க, இருமலுக்கு, சுட்ட புண்ணுக்கு என்று தெருவுக்கே அவர் வீட்டுத் தேன்தான். மெழுகு, மாதா கோயில் மெழுகுவர்த்திக்கு. பெட்டிக்கு அருகே கறுப்புத் துணியோடு வராதே, வேர்வை நாற்றத்தோடு வராதே, மூச்சை ஊதாதே, ஓடாதே என்று எல்லாருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நின்றுவிடும். அந்த இடத்தை முகர்ந்து பாருங்கள், பூவம் வாழைப்பழத்தின் வாசனை வரும். நமக்குத்தான் அது பழவாசனை; மற்றத் தேனீக்களுக்குச் சங்கு ஊதுகிற சத்தம். வா, இங்கே வா, இவனைக் கொட்டு. பிரான்சு விதவைக்கு இது தெரியாது. அவள் கிராமத்தில் பூவம்பழம் ஏது? சொல்தா தம் கையை முகர்ந்து முகர்ந்து தாமே கண்டுபிடித்தார்.

கண்டுபிடிக்க வைத்தவன் கோவிந்தராசு. முப்பத்து மூன்றாம் வருஷம் தெருவில் ஓர் ஆடு காணாமல் போனது. கோவிந்தராசு பூவம்பழத்தை மென்றுகொண்டே வேலியோரப் பெட்டி மேல் கையை ஊன்றி, "நான் எடுக்கல!" என்று கத்தினான். உதட்டில் மட்டும் பன்னிரண்டு கொட்டு. மறுநாள் ஆட்டுத்தோல் அவன் வீட்டுக் கொல்லையிலேயே கிடைத்தது. அவ்வளவுதான். சொல்தா வீட்டு ஈ பொய் பொறுக்காது என்று ஊர் தீர்மானித்துவிட்டது.

சொல்தா மறுத்திருக்கலாம். ஆனால் நொண்டிக் கால்காரரைப் பார்த்துத் தெரு எழுந்து நிற்பது அதுதான் முதல் தடவை.

அதிலிருந்து களவு, சந்தேகம் என்றால் பூசை முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை சொல்தா தோட்டத்தில் பெட்டி மேல் கை வைத்துச் சத்தியம். கருவடிக்குப்பத்திலிருந்துகூட வந்தார்கள். சத்தியம் செய்ய வருகிறவருக்குச் சொல்தாவின் மனைவி இருதயமேரி தட்டு வைப்பாள்: வெற்றிலை, பாக்கு. சில பேருக்குப் பூவம்பழம். யாருக்குப் பழம் என்பதைச் சொல்தா காலையிலேயே மனதுக்குள் தீர்மானித்திருப்பார். சாட்சி, தெருச் சிற்றாலயத்தின் சாவி வைத்திருந்த உபதேசியார் சூசை. பங்குச் சாமியாருக்குத் தெரியக்கூடாதவற்றை அவருக்குத் தெரியாமல் காப்பதும் உபதேசியார் வேலையில் சேர்த்திதான்.

ராமதாஸ் ஆலைக் கூலி. சொல்தா நடப்பதுபோலவே நொண்டிக் காட்டித் தெருமுனையில் எல்லாரையும் சிரிக்கவைப்பான். அவன் சித்தப்பன் வீட்டு வெள்ளிச் செம்பு காணாமல் போய், பழி அவன் மேல் விழுந்தது. அன்று தட்டில் பழம் இருந்தது. "சாப்புடு தம்பி. வெறும் வயித்தோட சத்தியம் பண்ணக் கூடாது" என்று சொல்தாவே உரித்துக் கொடுத்தார். அந்தப் பழம், தெருமுனையில் கூடை வைத்துப் பழம் விற்ற சின்னக்கண்ணுவிடம் வாங்கியது. சின்னக்கண்ணு, ராமதாஸைப் பெற்றவள்.

அவனுக்கு இரண்டு கண்களும் மூடிப்போகும் அளவுக்கு வீங்கியது. தெருவில் ஒருவரும் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, நெருப்புக் கொடுக்கவில்லை. நாலாம் நாள் ஆளைக் காணோம். சைகோன் கப்பலில் ஏறிவிட்டான் என்றார்கள் சிலர். கப்பலேறுகிறவன் எதற்குச் செருப்பைக் கடற்கரையில் விட்டுப் போவான் என்றார்கள் சிலர்.

அடுத்த கோடையில் தெருக்கிணற்றைத் தூர் வாரினார்கள். சேற்றோடு சேர்ந்து செம்பும் மேலே வந்தது. சித்திக்காரி துலக்கும்போது கை நழுவியிருக்கிறது, வேறென்ன?

"பயந்துபோயி அவனே போட்டிருப்பான். ஈ பொய் சொல்லுமா?" என்றது தெரு.

சொல்தா கிணற்றடியில் நின்று அந்தச் செம்பைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து இருதயமேரியிடம், "இனிமே யாருக்கும் தட்டுல பழம் வெக்காத" என்று மட்டும் சொன்னார்.

"பழமில்லாத் தட்டா? எழவு வீட்டுத் தட்டு மாதிரி இருக்குமேங்க!"

"இருக்கட்டும்."

அதன் பிறகு ஒரு வருஷம் ஒருவரையும் கொட்டவில்லை. நெல்லித்தோப்பில் எல்லாரும் யோக்கியர்களாகிவிட்டார்கள் என்று ஊர் பெருமைப்பட்டுக்கொண்டது. சொல்தா தப்பித்துவிட்டதாக நினைத்தார். ஆனால் பெட்டிகளைத் திறக்கும்போது மதாமுக்கு வணக்கம் சொல்வதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

முப்பத்தாறாம் வருஷம் மே மாதம், மாதா வணக்க மாதம். சிற்றாலயத்து மாதாவின் வெள்ளிக் கிரீடம் காணாமல் போனது. ஆலயத்தைப் பெருக்கித் துடைத்தவள் ஆரோக்கியம், புருஷன் இல்லாதவள். கண் தெரியாத மாமியாரோடு ஆலயத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தாள். சாவி உபதேசியாரிடம், விளக்குமாறு இவளிடம். ஊர் விளக்குமாற்றைச் சந்தேகித்தது. ஞாயிறு சத்தியம், ஈ கொட்டினால் அன்று மத்தியானமே அறையைக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு.

"அவ எடுத்திருக்க மாட்டா" என்றார் சொல்தா மனைவியிடம். "வந்து கைய வெக்கட்டும். ஒண்ணும் ஆவாது. அதோட அவ மேல இருக்கற கெட்ட பேரும் போயிடும்."

அன்று காற்றே இல்லை. அக்கினி வெயில் எட்டு மணிக்கே தலையில் ஏறியது. பெட்டி வாசல்களில் தேனீக்கள் தாடிபோலக் கொத்துக்கொத்தாகத் தொங்கின. வேலியைச் சுற்றித் தெரு முழுக்க நின்றது. சின்னக்கண்ணுவும் கூடையோடு ஓர் ஓரம் நின்றாள். தட்டில் வெற்றிலை, பாக்கு மட்டும். சொல்தாவே இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

ஆரோக்கியம் மூன்றாம் பெட்டி மேல் கையை வைத்தாள். "மாதா சத்தியமா நான் எடுக்கல."

ஒரு தேனீ வந்து அவள் விரலில் உட்கார்ந்தது. நடந்தது. நின்றது. பிறகு கொட்டியது. அடுத்த மூச்சில் பத்து, இருபது. அவள் அலறிப் பின்வாங்க, சொல்தா புகைச்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவள் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கொடுக்கின் வாசனை அவருக்குத் தெரியும். இது அதற்கும் மேலே, கை நிறைய, பிசுபிசுவென்று.

"வர்றப்ப இன்னாம்மா சாப்ட்ட?"

"உபதேசியாரு பழம் குடுத்தாருங்கய்யா. வெறும் வயித்தோட சத்தியம் பண்ணக் கூடாதுன்னு அவரே உரிச்சிக் குடுத்தாரு."

தம்முடைய சொல்லே, ஓர் எழுத்து மாறாமல், தம்மிடம் திரும்பி வந்ததைச் சொல்தா கேட்டார். நிமிர்ந்தார். சூசை பக்கத்தில் வந்து நின்று, அவருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்: "எல்லாத் தடவையும் நான்தானே சாட்சி, சொல்தா? நான் ஆளப் பாக்க மாட்டேன். தட்டத்தான் பாப்பேன்."

"ஈ சொல்லிடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். "கெழவியக் கூட்டிகினு கெளம்புடி!"

பேசினால் ஆரோக்கியத்துக்கு அறை மிஞ்சும். பேசினால் ராமதாஸ் கதையும் வெளியே வரும். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க வழியில்லை. சொல்தா வேலியோரம் நொண்டிக்கொண்டு போனார்.

"அக்கா, ஒரு பூவம்பழம் குடு."

சின்னக்கண்ணு ஒன்றும் புரியாமல் நல்ல பழமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அவர் தின்றார். தோலை இரண்டு கைகளிலும் தேய்த்துக்கொண்டார். திரும்பி வந்து பெட்டி மேல் இரண்டு கைகளையும் வைத்தார்.

"எம்பேரு தனிஸ்லாஸ்."

நாலு கொட்டு.

"அய்யய்யோ, பேரே பொய்யாய்யா?" என்றார் ஆதிமூலம். சொல்தா என்று மட்டுமே அறிந்த ஊர். பாதிப் பேருக்கு அதே சந்தேகம்தான்.

"இது நெல்லித்தோப்பு. எம்பொண்டாட்டி இருதயமேரி."

கை தெரியவில்லை, தேனீதான் தெரிந்தது. ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் செத்தது. சொன்னதெல்லாம் நிஜம்; கொட்டுவதும் நிஜம். கூட்டத்துக்கு மெல்ல உறைத்தது.

"ஈக்குப் பொய்யும் தெரியாது, நெசமும் தெரியாது. பழம் தெரியும். ஆரோக்கியம் ஒண்ணும் எடுக்கல. அது கையில பழத்தக் குடுத்து அனுப்பியிருக்காங்க." கொஞ்சம் நின்றார். "ராமதாஸும் எடுக்கல. அவனுக்குப் பழம் குடுத்தது நான்."

எல்லாருடைய பார்வையும் சூசை மேல் திரும்பியது. உபதேசியார் பதறவில்லை. தொட்டித் தண்ணீரில் கையை நன்றாகக் கழுவினார், வேட்டியில் துடைத்தார், தள்ளியிருந்த கடைசிப் பெட்டி மேல் வைத்து, "நான் எடுக்கல" என்றார். ஒரு தேனீயும் அசையவில்லை. அசையாது என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்?

ஆரோக்கியத்தை யாரும் வெளியேற்றவில்லை; வெளியேற்றக் காரணம் போய்விட்டது. ஒரு மாதம் கழித்துக் கிரீடம் கொஞ்சம் நசுங்கலோடு மாதா தலையிலேயே இருந்தது. மாதாவே போய் வாங்கி வந்துவிட்டாள் என்றார்கள். சூசை சாவியை ஒப்படைத்துவிட்டுக் காலாப்பட்டில் மகள் வீட்டுக்குப் போனார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதோடு முடியவில்லை. கூட்டம் கலையும் நேரத்தில் சின்னக்கண்ணு கூடையை இறக்கி வைத்தாள். பிறகு வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"எங்கூடைப் பழத்தயா அவனுக்குக் குடுத்த?"

சொல்தா தலையாட்டினார்.

"எம்புள்ள எங்க?"

ஏழு பெட்டிகளின் இரைச்சலும் அப்போதுதான் நின்றது. நம்பாவிட்டால், இதைச் சொல்கிற நான் பழம் தின்னாமல் சத்தியம் செய்கிறேன்.

"தெரியாதுக்கா" என்றார் சொல்தா.

அடுத்த ஞாயிறு பூசை மணி ஓய்ந்ததும் அவள் வந்தாள், கையில் ஒரு பூவம்பழம். உரித்து நீட்டினாள். அவர் வாங்கித் தின்று, பெட்டி மேல் கையை வைத்தார். "எம்புள்ள எங்க சொல்தா?" "தெரியாதுக்கா." தேனீக்கள் தங்கள் வேலையைச் செய்தன. அவள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். மழைக்கும் வந்தாள், கிறிஸ்துமஸுக்கும் வந்தாள்.

வீங்கிய கைக்குச் சுண்ணாம்பு தடவியபடி இருதயமேரி ஒருநாள் கேட்டாள்: "பெட்டிங்கள யாருக்காச்சும் குடுத்துட்டா இன்னாங்க?"

"குடுத்துட்டா அந்த அக்கா கேக்கறப்ப நான் சும்மா நிக்கணும்டி. அது இதவிடக் கடுக்கும்."

அதற்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டைக் கழுவி, வெற்றிலையும் பாக்கும் மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பழம் தெருமுனையிலிருந்து வந்துகொண்டிருக்கும்.