கறைவேந்தன் வாயில் வைத்த சொல்

இந்நிகழ்ச்சி ஆம்பூரிலும் வேலூரிலும் இப்போது பலவாறாகச் சொல்லப்படுகிறது. முதியவர் காலில் விழுந்தார் என்கிறார் ஒருவர். இருவரும் தழுவிக்கொண்டு அழுதனர் என்கிறார் மற்றொருவர். அடிதடி நடந்தது என்றும் ஒரு பேச்சு உண்டு. நான் உடன் சென்றவன். ஆதலால் என் கண்ணால் கண்டதையும், காதால் கேட்டதையும், உரியவர்களே என்னிடம் கூறி நான் மறுமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன். பிறர் வாழ்வைப் பற்றி எழுதும்போது ஒரு சொல் மிகினும் அது அவர்களுக்கு இழைக்கும் தீங்கு என்பது என் கருத்து. பெயர்களை விட்டுவிட்டேன், அவற்றை எழுத எவரிடமும் நான் இசைவு பெறவில்லை.

நான் சத்துவாச்சாரியில் வாழ்கிறேன். கல்லூரியில் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றபின், வேலூரில் அச்சாகும் ஒரு சிறுவர் படக்கதை இதழுக்கு மெய்ப்புத் திருத்தித் தருகிறேன். படக்கதைக்குத் தமிழாசிரியர் எதற்கு என்று நண்பர் சிலர் நகைத்ததுண்டு. பேச்சுக் குமிழ் என்பது மிகச் சிறிய இடம். அதனுள் அமரும் தொடரில் பிழை இருந்தால் மறைந்துகொள்ள வழியே இல்லை. அந்த இறுக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

இதழில் தொடராக வந்த கதையை எழுதி வரைந்தவர் ஆம்பூர்ப் பெண் ஒருவர். காலணித் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றியவர். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டு வீட்டிலிருந்தே வரைகிறார். அவர் படைத்த கொடியவன் பெயர் கறைவேந்தன். அவன் விரல் பட்ட நீர் சிவக்கும், நிலம் உப்பாகும். அவனை எதிர்த்து நின்ற மூவரும் நம் பக்கத்து மனிதர்களே: பறக்கும் செவிலி ஒருத்தி, இரும்பு உடல் கொண்ட பேருந்து நடத்துநர் ஒருவர், மின்னலை ஊசியில் கோத்துத் தைக்கும் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி. பல இதழ்களுக்குப் பின் கறைவேந்தன் தன் ஆற்றலைத் தானே துறந்தான். துறந்தபின் மலையுச்சியில் இருந்த அம்மூவரின் கூடத்துக்கு வந்து, தன்னையும் அவர்களோடு சேர்த்துக்கொள்ளுமாறு வாயிலில் நின்றான். சேர்ப்பார்களா, மாட்டார்களா என்பதே இறுதிப் பகுதி.

வாசகச் சிறுவர்கள் இதழின் கைப்பேசி எண்ணுக்குக் குரற்பதிவுகள் அனுப்பிக்கொண்டிருந்தனர். திமிரியிலிருந்து ஒரு சிறுமி சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “ஆன்ட்டி, அவன் நடிக்கிறான். சேத்துக்காதீங்க. உள்ள வந்ததும் தண்ணித் தொட்டில கை வெப்பான் பாருங்க.”

ஓவியர் அதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, எனக்கு அதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார். அவருடைய தந்தை வேதியியல் படித்தவர். ஆம்பூரை ஒட்டி, தோல் பதனிடும் ஒரு டேனரியில் நெடுங்காலம் மேலாளராக இருந்தவர். ஓவியர் பள்ளியில் படித்த காலத்தில், ஒரு மழையின்போது அந்த டேனரியின் கழிவுநீர் ஏரியில் கலந்தது. ஏரிக்குக் கீழே தென்னந்தோப்பு வைத்திருந்தவர் தந்தையின் கல்லூரித் தோழர். கிணறு கெட்டது, தோப்பில் பாதி பட்டுப்போயிற்று. அன்று முதல் இருவரும் பேசுவதில்லை.

“எங்க அப்பா மாசாமாசம் இந்தக் கதையைப் படிக்கிறாரு சார். ஒரு வார்த்த சொல்றதில்ல. கடைசிப் பாகத்தையாவது படிச்சிட்டு ஒரு தடவ அங்க போவாரான்னு பாக்கறேன். தோஸ்த்னா அப்டி ஒரு தோஸ்த் அவங்க ரெண்டு பேரும். இப்ப ரெண்டு பேருக்கும் உடம்பு முடியல” என்றார்.

இதைச் சொன்னபின்தான் இறுதிப் பகுதியின் கோப்பை எனக்கு அனுப்பினார். அதில் கறைவேந்தன் மூவரின் முன் நின்று, “என்னை மன்னித்துவிடுங்கள்” என்றான். அடுத்த கட்டத்தில் செவிலி அவன் தோளைத் தழுவி, “இனி நீ எங்களுள் ஒருவன்” என்றாள்.

மன்னிப்பு என்னும் சொல்லை நான் எழுதுவதில்லை. அது ‘மாஃபி’ என்னும் உருதுச் சொல்லின் வழி வந்தது என்று என் ஆசிரியர் கருதினார். அக்கருத்தை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ என்னால் இயலாது; ஆயினும் ஐயமற்ற சொல் கையில் இருக்க, ஐயமுள்ள சொல் எதற்கு என்பது என் வழக்கம். ஓவியரை அழைத்து இதைச் சொன்னேன்.

“எங்க வீட்டு உருதுச் சொல்லுதான சார்? வாடகைக்கு வுட்டிருக்கோம்னு வெச்சிக்குங்களேன். எதுக்குக் காலி பண்ணச் சொல்றீங்க?” என்றார்.

“பொறுத்தருளுங்கள் என்று எழுதலாம்.”

“அருளுங்கன்னு கறைவேந்தன் சொன்னா பசங்க சாமிப் படம்னு நெனச்சிப்பாங்க.”

இருவரும் சிறிது வாதாடினோம். இறுதியில் “என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று முடிவாயிற்று. குமிழிலும் அது நன்றாகவே அமர்ந்தது.

அச்சுக்கு முன் மெய்ப்புத் தாள்களைப் பார்க்க அவர் வீட்டுக்கு ஒரு ஞாயிறு காலையில் சென்றேன். இதழ் வெளியீட்டாளர் கொடுத்தனுப்பிய ஆற்காட்டு மக்கன் பேடா இனிப்புப் பெட்டி ஒன்றும் என் கையில் இருந்தது. தந்தை கூடத்தில் அமர்ந்திருந்தார். மெலிந்தவர், பேச்சில் சிக்கனமானவர். அவ்வீட்டில் உருது பேசுவார்கள். என் பொருட்டு அன்று தமிழிலேயே பேசினர்.

“வாத்தியார் சார், எனக்குச் சர்க்கர ஜாஸ்தி. அதான் பெட்டிய என் பக்கத்துல வெச்சீங்களா?” என்றார். பின் மகளிடம், “கடைசி பாகம் வந்துடுச்சா? குடு” என்று கை நீட்டினார்.

ஓவியர் என்னைப் பார்த்தார். தாள்களைக் கொடுத்தார். முதியவர் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார். மன்றாடும் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

“இத யாரு எழுதுனது?”

“நான் வேற எழுதியிருந்தேன்ப்பா. சார்தான் மாத்தினாரு.”

“எதுக்கு மாத்தினீங்க சார்?”

சொல்லின் பிறப்பை விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

“பொறுத்துக்கோ,” என்று அச்சொல்லை மட்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “என் தோஸ்த் அன்னிக்கு ஒரு பாட்டில்ல கெணத்துத் தண்ணி கொண்டாந்து என் மேஜை மேல வெச்சான். டீ மாதிரி இருந்துச்சு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? கொஞ்ச நாள் பொறுத்துக்கோப்பா, மழ நல்லா பேஞ்சா சரியாய்டும்னேன். அதே வார்த்த. இவன் வில்லனா இருந்தப்பவும் இதத்தான் சொல்லியிருப்பான். திருந்தி வந்தும் இதயே சொல்றான்.”

பொறுத்தல் என்பதற்குத் தாங்கிக்கொள்ளுதல், குற்றத்தைக் கருதாது விடுதல் ஆகிய இரு பொருளும் உண்டு. இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும் என்றேன். அது இலக்கணப்படி சரி. இன்றும் அதை நான் மறுக்கவில்லை.

“சரி சார். ஆனா அவன் காதுல எந்த அர்த்தம் வுழும்னு நெனைக்கிறீங்க?” என்றார் அவர்.

ஓவியர் இடையில் புகுந்து, “அப்ப மன்னிச்சிடுங்கன்னே போட்டுடலாமா?” என்றார்.

“அதுவும் வேணாம் பேட்டி” என்றார் மகளை உருதுவில் விளித்து. “அது அவங்க கையில இருக்கறது. இவன் கையில இருக்கறத மொதல்ல வெக்கச் சொல்லு.”

“இவன் கையில இன்னா இருக்கு?”

முதியவர் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். “வால்வு யாரு தொறந்ததுன்றது” என்றார்.

ஓவியர் முதலில் அதைக் கதையைப் பற்றிய பேச்சாகவே எடுத்துக்கொண்டார். “கறைவேந்தன்தான் எல்லாத்தையும் செஞ்சான்னு பசங்களுக்குத் தெரியுமேப்பா” என்றார். பிறகு அவர் முகம் மாறியது. “பைப்பு ஒடஞ்சிதுன்னுதானே சொன்னாங்க?”

“நான்தான் அப்டி சொன்னேன். பைப்பு ஒடயல.”

“ஓனர் தொறக்கச் சொன்னாரா?”

“ஓனரு அன்னிக்கு ஊர்லயே இல்ல. கழிவுத் தொட்டி ரொம்பிடுச்சி. உள்ள தண்ணி ஏறுனா தோலெல்லாம் போய்டும். மழத்தண்ணியோட சேந்து போனா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். கீழ அவன் தோப்பு இருக்குன்னும் தெரியும்.”

உள்ளே குழந்தை ஏதோ கேட்டு அழ, ஓவியர் எழுந்து போனார். திரும்பி வரும்போது குழந்தையை இடுப்பில் வைத்திருந்தார். “அந்த அங்கிளுக்கு இது தெரியாதா?” என்று தந்தையிடம் கேட்டார்.

“பைப்ப ஒழுங்கா பாத்துக்கலன்னுதான் அவன் கோவம். அத வெச்சே இத்தன வருசமா பேசல. இது தெரிஞ்சா இன்னா பண்ணுவான்னு எனக்குத் தெரியல.”

அங்கேயே அமர்ந்து குமிழைத் திருத்தினோம். ‘நான்தான் திறந்தேன்’ என்று ஓவியர் எழுதினார். அதில் ஒரு பெருமிதத்தின் சாயல் விழுகிறது என்று எனக்குத் தோன்றியது. ‘திறந்தது நான்’ என்று மாற்றினேன். செயல் முன்னே நிற்க, செய்தவன் பின்னே வந்து ஒதுங்குகிறான். முதியவர் அதைப் படித்துவிட்டுத் தலையசைத்தார். அடுத்த கட்டத்தைச் சுட்டி, “இவ அதுக்குள்ள தோள்ல கை போட்டுட்டாளா?” என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் அவர் எழுந்து உள்ளே சென்று, வெளுத்த சட்டை ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தார். “வண்டியில கொண்டு போய் வுடறியா?” என்றார் மகளிடம். என்னையும் வரச் சொன்னார். காரணம் கூறவில்லை, நானும் கேட்கவில்லை.

தோப்பு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே சற்றுத் தொலைவில் இருந்தது. வாயிலருகே காரை நிறுத்தினோம். முதியவர் எங்களை இறங்க வேண்டாம் என்றார். தோப்புக்காரர் வீட்டு முன் நாற்காலியில் அமர்ந்திருந்தார். முழங்காலில் துணிப்பட்டை கட்டியிருந்தது. வந்தவரைப் பார்த்ததும் எழ முயன்றாரா, நாற்காலியில் சரிந்து அமர்ந்தாரா என்பதை அத்தொலைவிலிருந்து என்னால் உறுதியாகக் கூற முடியவில்லை. முதியவர் நின்றபடியே பேசினார். நெடுநேரம் பேசவில்லை. தோப்புக்காரர் எழுந்து, ஊன்றுகோலை விட்டுவிட்டு, வீட்டின் பக்கவாட்டுக்குச் சென்றார். திரும்பும்போது அவர் கையில் அரிவாள் இருந்தது.

ஓவியர் கார்க் கதவைத் திறந்தார். நானும் என் பக்கத்துக் கதவில் கை வைத்தேன்.

முதியவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. தோப்புக்காரர் அவரைக் கடந்து, மரத்தடியில் குவித்திருந்த காய்களில் ஓர் இளநீரை எடுத்து, சீவி, துளையிட்டு, அவரிடம் நீட்டினார். முதியவர் இரு கைகளாலும் வாங்கினார். அண்ணாந்து முழுவதையும் குடித்தார். தோப்புக்காரர் அவர் குடித்து முடிக்கும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓரிரு சொற்கள் சொன்னார். அவை எங்களுக்குக் கேட்கவில்லை. காலில் விழுதல் இல்லை, தழுவல் இல்லை, ஓங்கிய கை இல்லை. இதற்கு ஓவியரும் சான்று.

முதியவர் காருக்குத் திரும்பியதும் ஓவியர் கேட்டார்: “எப்டிப்பா இருந்துச்சு?”

“எளநியா?”

“அதத்தான் கேக்கறேன்.”

“உப்பு” என்றார் அவர். சிறிது தொலைவு சென்றபின், “முழுசா குடிச்சிட்டேன்” என்றார்.

அன்று மாலை ஓவியர் இறுதிக் கட்டத்தை மாற்றி வரைந்து அனுப்பினார். தழுவல் இல்லை. பறக்கும் செவிலி ஒரு குவளைத் தண்ணீரைக் கறைவேந்தனிடம் நீட்டுகிறாள். அவன் கை அதை நோக்கி நீள்கிறது. எவர் வாயிலிருந்தும் குமிழ் இல்லை. “கடைசிக் கட்டத்துல டயலாக் வுட்டுட்டீங்க” என்று வெளியீட்டாளர் எனக்குத் தொலைபேசினார். விடவில்லை, அவ்வளவுதான் என்றேன். இதழ் அவ்வாறே வந்தது.

எனக்குத் தெரியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தோப்புக்காரர் இறுதியில் சொன்ன சொற்கள் எவை என்பது எனக்குத் தெரியாது; முதியவர் மகளிடமும் அவற்றைச் சொல்லவில்லை. இருவரும் மீண்டும் சந்தித்தனரா என்பது தெரியாது. அந்த இளநீர் வந்தவருக்குக் கொடுத்த உபசரிப்பா, கெட்ட நிலத்துக்குக் காட்டிய சான்றா என்பதும் எனக்குத் தெரியாது.