முட்டி போடாத பூசணி

டைல்ஸ்காரனுக்கு நாள் முழுக்க முட்டி போட்டால்தான் பிழைப்பு. முழங்காலில் தடித்த ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஊரார் வீட்டுத் தரைகளையெல்லாம் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கிவிட்டு வருவான். அப்படிப்பட்டவனின் மகள் முட்டி போட மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

செல்லப் பெயர் பூசணி. பத்து மாதம். உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு காலை மடித்து, மறுகாலால் தரையை உந்தி, பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்வாள். "கால்ல ஒரு குறையும் இல்ல, சில பிள்ளைங்க இப்படித்தான்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அப்பனுக்கு அது போதவில்லை.

எதிர்வீட்டில் அவன் அண்ணன் குடியிருந்தான். அண்ணன் மகன் பூசணியைவிடச் சின்னவன். அப்பா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொள்வான். சாயங்காலம்தோறும் அதைப் பார்த்து இவனுக்கு வயிறு எரியும். தானும் வாசலில் குந்தி, "வாடி பூசணி, அப்பாகிட்ட வா" என்று கையை நீட்டுவான். அவளும் ஆசையாகப் புறப்படுவாள். நடுவீட்டில் சிக்கி நின்று உதட்டைப் பிதுக்குவாள். இவன்தான் போய்த் தூக்க வேண்டும். ஒரு நாளாவது அவளாக வந்து சேரக் கூடாதா என்று அவனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய்விட்டது. அவளைக் குப்புறப் போட்டு முட்டியை மடக்கி வைத்தான். அவள் வீறிட்டாள். "இங்க பாரு, இப்படி" என்று தானே தவழ்ந்து காட்டினான். நடுவீட்டுக்குப் போவதற்குள் "ஐயோ அம்மா" என்று உட்கார்ந்துவிட்டான். முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது. பட்டை கட்டாமல் அவன் எந்தத் தரையிலும் முட்டி போட்டதில்லை. அவன் வீட்டுத் தரையோ சிமென்ட் பெயர்ந்து பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

மனைவி பூசணியின் ஜட்டிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்தத் தரையைக் கொஞ்சம் பாருங்கன்னு சொல்றேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னீங்க. இப்ப உங்க முட்டி சொன்னாத்தான் காதுல ஏறுது."

மறுநாளே அவன் தரைக்கு வழி பார்க்கத் தொடங்கினான்.

வேலை பார்த்த வீடுகளில் மிஞ்சிய டைல்ஸைக் கேட்டு வாங்கி வந்தான். ஒன்றுக்கொன்று நிறம் ஒட்டவில்லை. தாயும் மகளும் அண்ணன் வீட்டில் தங்க, வேலை முடிந்து வந்து முதுகு ஒடிய ஒட்டி முடித்தான். கலவை காய்ந்ததும் பூசணியைப் பின்சுவரோரம் உட்கார வைத்துவிட்டு வாசலில் குந்தினான். இனித் தவழாமல் எங்கே போவாள்?

பூசணி புதுத் தரையைத் தட்டிப் பார்த்தாள். மடித்த கால் மடித்தபடியே இருந்தது. மறுகாலால் ஓர் உந்து உந்தினாள். சர்ரென்று வழுக்கிக்கொண்டு வந்தாள்.

"இதுக்காடி நான் முதுகை ஒடிச்சேன்?" என்று தலையில் கைவைத்தான். "முட்டி போடுடி. முட்டி போட்டு வா."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடுவீட்டைத் தாண்டினாள். நேராக வந்து மோதி, அவன் கழற்ற மறந்திருந்த ரப்பர் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடியும் பின்சுவரோரம் உட்கார வைத்தான்.

"முட்டி போடச் சொல்லிக் குடுக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"அவ எப்படி வேணா வரட்டும்" என்று வாசலுக்கு ஓடினான். "இன்னொரு தடவை வரட்டும்."